ஏரியில் இறங்கலாம் என்று நான் இன்னும் சொல்லவில்லை

ரத்தினம்,

போன வாரம் நீ போனில் பேசிக்கொண்டிருந்தபோது நான் பாதியிலேயே வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. "நைனா, கம்பெனி வேலைய வுட்டுட்டு வரேன், நம்ம ஏரியிலயே போட்டிங் சூப்பர்வைசர் வேலை, அவரே கூப்ட்டுக் குடுத்தாரு" என்று சந்தோஷமாகச் சொன்னாய். அந்த 'அவரே' காதில் விழுந்ததும் என் கை தானாகப் பட்டனை அழுத்திவிட்டது. அதற்குப் பிறகு நான்கு தடவை கூப்பிட்டாய், எடுக்கவில்லை. எடுத்தால் கத்துவேன். நான் கத்தினால் நீயும் கத்துவாய், சொல்ல வேண்டியது சொல்லாமலே போகும். பதினோரு வருஷமாக அப்படித்தான் போய்விட்டது. எனக்கு எழுதப் படிக்க வராது. நான் சொல்லச் சொல்ல எழுதுவது அங்கன்வாடி டீச்சர் செல்வி. நல்ல தமிழாக எழுதம்மா, ஆனால் எதையும் மழுப்பாதே என்று சொல்லியிருக்கிறேன். இதையே இன்னொரு தாளிலும் எழுதச் சொல்லி, போட்டிங் டிக்கெட் கொடுப்பதற்காக ஏரிக்கரையில் புதிதாகப் போட்டிருக்கிற தகர ஷெட்டில் ஒட்டப் போகிறேன். ஊரே படிக்கட்டும். அவனும் படிக்கட்டும்.

அவன் பெயரை என் வாயால் சொல்வதில்லை. ஊரார் கான்ட்ராக்டர் என்கிறார்கள். நான் குழிக்காரன் என்கிறேன். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் ரோடு போடுவது, பிளாட்டுக்கு மண் அடிப்பது, இப்போது ஏரியைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்ப்பது, படகு விடுவது எல்லாம் அவன்தான். நீ அவனை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். உன்னை ஐடிஐயில் சேர்க்க அவன் சிபாரிசு செய்தான், உன் அம்மா காரியத்துக்குப் பந்தல் போட்டான் என்று. பந்தல் போட்டான், உண்மைதான். ஏன் போட்டான் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் அதற்கு முன்னால் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திருப்பதியில் சாமி பார்த்துவிட்டுத் திரும்பும் குடும்பங்கள் வண்டியை நிறுத்திவிட்டு உன் படகில் ஏறும். அந்தக் குழந்தைகள் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. என் கோபம் அவர்கள் தலையில் விழக் கூடாது.

உனக்கு மூன்று நாள் டிரெயினிங் கொடுத்தார்களாம், ஊரில் பேசிக்கொள்கிறார்கள். விசில் ஊதுவது, ஜாக்கெட் மாட்டுவது, மூழ்கினவன் வயிற்றை அமுக்கக் கூடாது நெஞ்சை அமுக்க வேண்டும் என்பதெல்லாம் சொல்லிக்கொடுத்தார்களாம். நல்லது, அதை மறக்காதே. ஜாக்கெட்டைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு போட்டோ எடுக்கிறவனைப் படகில் ஏற்றாதே, பக்கிள் போட்டால்தான் ஏற்று. குடித்துவிட்டு வருகிறவன் யாராக இருந்தாலும் கரையிலேயே உட்கார வை. எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து நின்று மலையைப் படம் பிடித்தால் படகு கவிழ்ந்துவிடும், அதற்குக் காற்றுகூட வேண்டாம். காற்று என்றால் நம் ஏரிக்கு மத்தியானத்துக்கு மேல்தான். நகரி மூக்கு மலையின் உச்சியில் மேகம் துண்டு போர்த்தினது மாதிரி உட்கார்ந்தால், அரை மணி நேரத்தில் மேற்கிலிருந்து காற்று இறங்கும். தண்ணீர்மேல் முதலில் ஒரு கறுப்புக் கோடு ஓடிவரும். அந்தக் கோடு படகைத் தொடுவதற்குள் நீ கரையில் இருக்க வேண்டும். ஒரு நாள் உன்னை டியூப் தெப்பத்தில் உட்கார வைத்துக்கொண்டு தூண்டில் போட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? விரால் கடிக்கிறது, இன்னும் ஒன்று என்று நான் உட்கார்ந்திருந்தேன், கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே. ஒரு மீனுக்காக உன்னைத் தண்ணீரில் கொட்டியிருப்பேன். அன்றைக்குக் கோரைப் புல் கையில் அகப்பட்டது, பிழைத்தோம். என்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு இதைக் கேட்காதே. தப்பு செய்தவன் சொல்கிறேன், அப்படிக் கேள்.

புதுத் தண்ணீர் வந்த பத்து நாள் யாரையும் இறக்காதே. செம்மண் நிறத்தில் இருக்கும் தண்ணீர் அடியில் எதை வைத்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. முள், பாம்பு, மலையிலிருந்து உருண்டு வந்த கட்டை, எல்லாம் இருக்கும். தெளிந்த பிறகு பறவையைப் பார். கொக்கு நிற்கிற இடம் உன் முழங்காலுக்குக் கீழே. நீர்க்காகம் முங்கி எழுகிற இடத்தில் ஆள் நிலைக்காது. எருமை வயிறு நனைய நனைய நடந்துபோய் ஒரு இடத்தில் நின்று மூக்கைத் தூக்கினால், அதற்கு மேலே தரை மெத்தென்று இருக்கிறது என்று அர்த்தம். விடியற்காலையில் மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தால் தண்ணீரில் மூச்சு இல்லை; அன்றைக்குச் செத்து மிதக்கிற மீனை யாரும் துன்னக் கூடாது. பச்சைப் பெயின்டைக் கரைத்து ஊற்றினது மாதிரி ஓரத்தில் ஆடை கட்டினால் மாட்டைக்கூட இறக்காதே. கழனிக்குத் தண்ணீர் விடுகிற தூம்பு திறந்திருக்கும் நாளில் அந்தப் பக்கமே படகை விடாதே. மேலே ஒன்றும் தெரியாது. ஒரு வேப்பிலையைப் போட்டுப் பார். இலை நின்ற இடத்திலேயே சுற்றினால் அடியில் தண்ணீர் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது.

ஆறு வேறு. ஆற்றை நம்பாதே என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது உன் அம்மா. உனக்கு அப்போது ஆறு வயது. குசஸ்தலை ஆற்றில் கணுக்கால் அளவு தண்ணீர், கண்ணாடி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. மழைச் சுவடே இல்லை. நான் உன்னை மணல் திட்டில் விட்டுவிட்டு நடு ஆற்றில் துணி அலசிக்கொண்டிருந்தேன். உன் அம்மா திடீரென்று உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கரை ஏறினாள். ஏன் என்று கேட்டேன். "தண்ணி டீ கலர்ல வருது. நுரை வருது, சுள்ளி வருது. மலையில கொட்டிக்கினு கீது. ஏரித் தண்ணி கட்டுறவருக்கு ஆறு தெரியாது, ஏறி வா" என்றாள். நான் சிரித்தேன். வேட்டியைப் பிழிந்துகொண்டு நான் கரை ஏறி முடிப்பதற்குள், நான் நின்ற இடத்தில் இடுப்பளவு தண்ணீர் மரக்கிளையோடு போனது. அதற்கப்புறம் எந்தத் தரைப்பாலத்தின் மேலே தண்ணீர் ஓடினாலும் நான் வண்டியை விட்டது இல்லை, முழங்கால் அளவு என்றாலும். நீயும் விடாதே. தடுப்பணைக்குக் கீழே தண்ணீர் சுவரைப் பார்த்துத் திரும்பி வருகிற இடத்தில் எவ்வளவு நீச்சல் தெரிந்தாலும் இறங்காதே, அது வெளியே விடாது. இவ்வளவும் அவள் கண். என்னைவிட அவளுக்குத் தண்ணீர் தெரியும். அவ்வளவு தெரிந்தவள், என் பேச்சைக் கேட்டுத்தான் செத்தாள்.

இனிமேல் சொல்வதை உட்கார்ந்து படி.

நான் இந்த ஏரிக்கு நீர்க்கட்டி. தூம்பு திறப்பது, மூடுவது, எந்தக் கழனிக்கு எப்போது தண்ணீர் என்று சொல்வது என் வேலை. எனக்கு முன்னால் என் நைனா செய்தார். ஏரி ரொம்பி, மிச்சத் தண்ணீர் போகிற கோடி வழியாகத் தண்ணீர் வழிகிற அன்றைக்கு ஊரார் கோடி ஓரத்துக் கெங்கம்மா கல்லுக்குப் பொங்கல் வைப்பார்கள். அன்றைக்கு நீர்க்கட்டி வீட்டுப் பெண் முதலில் இறங்கி ஒரு குடம் தண்ணீர் எடுத்து வந்து அம்மன்மேல் ஊற்ற வேண்டும். அவள் எங்கே இறங்க வேண்டும் என்று நீர்க்கட்டி கரையில் நின்று சொல்ல வேண்டும். குடம் திரும்பி வந்த பிறகு நீர்க்கட்டி 'இறங்கலாம்' என்று சொன்னால்தான் மற்றவர்கள் குளிக்கலாம், மாடு கழுவலாம், வலை போடலாம். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஊர் என்னை மதித்தது. மற்ற நாளெல்லாம் நான் யார் என்று உனக்குத் தெரியும். ஏரிக்கரையில் பஞ்சாயத்து நடந்தால் நான் நின்றுகொண்டுதான் பதில் சொல்வேன்.

மூன்று வருஷம் மழை பொய்த்து ஏரி காய்ந்து கிடந்தபோது குழிக்காரன் வந்தான். பெரிய ரோட்டுக்கு மண் வேண்டும், முழங்கால் ஆழம் எடுத்துக்கொள்ள அனுமதி இருக்கிறது என்றான். ஏரிக்குள்ளே எங்கே ரோட்டுக்கு ஆகிற நல்ல சவுடு மண் இருக்கிறது, எங்கே வெறும் களிமண் என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கரைமேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, "பெத்தன்னா, உக்காரு" என்றான். பெரிய அண்ணன் என்று தெலுங்கில் கூப்பிடுகிறான், ஊரார் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவன் குடிக்கிற மாதிரியே கண்ணாடிக் கிளாஸில் எனக்கும் டீ வருகிறது. ரத்தினம், எனக்கு அந்த நாற்காலி போதுமானதாக இருந்தது. உட்கார்ந்தபடியே கையை நீட்டி நீட்டி இங்கே எடு, அங்கே எடு என்று காட்டினேன். கோடி பக்கத்தில் நல்ல சவுடு இருக்கிறது என்று சொன்னதும் நான்தான். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா சோறு போட்டுக்கொண்டே, "ஒரு சேர் போட்டா ஏரியவே காட்டிட்டு வருவியா" என்று கேட்டாள். உனக்குப் பொறாமை என்றேன்.

முழங்கால் ஆழம் என்று சொன்னவன் பொக்லைன் வைத்துக் கிணறு மாதிரி ஐந்து குழி தோண்டினான். ஏரி என்பது தட்டு மாதிரி. ஓரத்திலிருந்து நடுவுக்கு மெல்ல மெல்லத்தான் ஆழமாகும், கால் உனக்கு முன்னாலேயே சொல்லும். பொக்லைன் தோண்டின குழிக்குச் சரிவு கிடையாது. ஒரு அடி முன்னால் இடுப்பளவு, அடுத்த அடியில் இரண்டு ஆள் ஆழம். ஊரார் சத்தம் போட்டார்கள். மூடிவிடுகிறேன் என்று அவன் ஒப்புக்கொண்டான். வெட்டிப்போட்ட வேலிக்காத்தான் முள்ளையும் இடித்த வீட்டுக் கல்லையும் உள்ளே தள்ளி, மேலே ஒரு முழம் மண்ணைப் போட்டு, டிராக்டரை ஏற்றி அழுத்திவிட்டுப் போனான். 'நீ போய்ப் பார்த்துவிட்டு வா' என்று ஊரார் என்னை அனுப்பினார்கள். போனேன். வெயிலில் மேல் மண் ஓடு மாதிரி இறுகியிருந்தது. மேலே நடந்தேன், குதித்தும் பார்த்தேன். தாங்கியது. கையில் கடப்பாரை இருந்தும் குத்திப் பார்க்கவில்லை. மூடிவிட்டான், சரியாக இருக்கிறது என்று வந்து சொன்னேன். வெறும் காலால் ஏரியைப் படித்தவன் என்ற திமிர் எனக்கு. காய்ந்த மண் தாங்குவதும் நனைந்த மண் தாங்குவதும் ஒன்று இல்லை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அந்த வருஷம் ஐப்பசியில் விடாமல் கொட்டியது. ஏரி ரொம்பி கோடி போனது. உனக்குப் பதினைந்து வயது. நீ கரைமேல் தூரத்தில் கூட்டத்தோடு நின்றாய்; மேளச் சத்தத்தில் நாங்கள் பேசியது உனக்குக் கேட்டிருக்காது. உன் அம்மா மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு பித்தளைக் குடத்தோடு இறங்கினாள். இடுப்பளவில் நின்று திரும்பிப் பார்த்தாள். அந்த இடத்தில் கோரையும் செத்தையும் மிதந்தன. அம்மன்மேல் ஊற்றுகிற தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும் என்று நான் கரையிலிருந்து, "இன்னும் நாலு அடி போ, அங்க தெளிவா கீது" என்றேன். அவள் ஒரு நிமிஷம் நின்றாள். காலால் தடவினாள் என்று நினைக்கிறேன். "மெத்துன்னு கீதே" என்றாள். "நான் நடந்து பாத்த எடம்தான், போ" என்றேன். போனாள். மூன்றாவது அடியில் இல்லை. குடம் மட்டும் மேலே வந்தது.

நான் குதித்தேன். என் கைக்கு முள்தான் அகப்பட்டது. முள்ளுக்குள்ளே அவள் புடவை சிக்கிக்கொண்டிருந்தது. அறுத்து வெளியே கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. என் முன்கையில் இருக்கிற தழும்புகளை, வேலி கட்டும்போது கிழித்தது என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். வேலி கட்டும்போது இல்லை.

காரியம் முடிவதற்குள் அவன் ஆள் ஒருவன் போலீசுக்கு என்று ஒரு காகிதம் கொண்டுவந்தான். தெலுங்கில் எழுதியிருந்தது. நடந்தது நடந்தபடி எழுதியிருக்கிறது என்று சொன்னான், கைநாட்டு வைத்தேன். அந்தக் காகிதத்தின் நகலைப் போன வருஷம் பெட்டியிலிருந்து எடுத்துச் செல்வியிடம் படிக்கக் கொடுத்தேன். 'என் மனைவிக்குப் பல வருஷமாக வலிப்பு நோய் உண்டு, தண்ணீரில் நிற்கும்போது வலிப்பு வந்து விழுந்துவிட்டாள், யார்மேலும் சந்தேகம் இல்லை' என்று நான் சொன்னதாக இருக்கிறதாம். உன் அம்மாவுக்கு ஒரு நாளும் வலிப்பு வந்தது இல்லை. ஊரில் அவன் பரப்பின பேச்சு அது. உனக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருந்தோம் என்று நீயும் நம்பினாய். உனக்கு வேலை கிடைத்த வருஷம், அம்மாவுக்கு இருந்தது எனக்கும் வருமா என்று பயந்து திருப்பதிக்குப் போய்த் தலையை ஸ்கேன் எடுத்தாய். நான்தான் துணைக்கு வந்தேன். போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். "ஒண்ணும் இல்லன்னுட்டாங்க நைனா" என்று நீ என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வலிப்பு இல்லை என்று சொன்னால் நாற்காலியைச் சொல்ல வேண்டும், 'இன்னும் நாலு அடி' என்றதைச் சொல்ல வேண்டும். அவன் செய்த குற்றத்துக்குள்ளே என் குற்றத்தை ஒளித்துவைத்திருந்தேன். அவனும் அதைத் தெரிந்துதான் பதினோரு வருஷம் நிம்மதியாகத் தூங்கினான். கிழவன் வாயைத் திறக்க மாட்டான் என்று.

ஆனால் நான் சும்மா இருக்கவில்லை. அந்த நாளுக்குப் பிறகு ஏரி மூன்று தடவை ரொம்பியது. மூன்று தடவையும் ஊரார் வந்து கேட்டார்கள். நான் 'இறங்கலாம்' என்று சொல்லவில்லை. காரணமும் சொல்லவில்லை. பெண்டாட்டி போன துக்கத்தில் கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். என்னவோ சொல்லட்டும், ஒருவரும் இறங்கவில்லை. குழிக்காரன் மீன் குத்தகை எடுத்து வெளியூரிலிருந்து வலைக்காரர்களைக் கூட்டிவந்தான். அவர்கள் வலை குழி முள்ளில் மாட்டிக் கிழிந்தது. அடுத்த வருஷம் வேறு ஆள், வேறு வலை, அதுவும் கிழிந்தது. கரையில் உட்கார்ந்து ஒவ்வொரு வலை கிழிவதையும் பார்த்தேன், ரத்தினம். அன்றைக்கெல்லாம் எனக்கு நன்றாகப் பசித்தது. ஒவ்வொரு கோடையிலும் தண்ணீர் வற்றினதும் கடப்பாரையோடு போய் ஐந்து குழியையும் ஓரத்திலிருந்து குத்திப் பார்த்துவிட்டு வருவேன். முள் உள்ளே மக்கிவிட்டது. இப்போது அது குழி இல்லை, மேலே மூடி போட்ட சேறு. ஆளை விழுங்கும், அடையாளம் காட்டாது.

போன மாதம் அவன் நம் வீட்டுக்கு வந்தான். தனியாக வரவில்லை, ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரோடு, ஒரு சால்வையோடு வந்தான். போட்டிங் திறப்பு விழாவில் நான் 'இறங்கலாம்' என்று சொல்ல வேண்டுமாம். நான் சொல்லாமல் ஊர்ப் பிள்ளைகள் ஒருவரும் படகில் ஏற மாட்டேன் என்கிறார்களாம். சொல்கிறேன், ஏரிக்குப் போகலாம் வாருங்கள் என்று எழுந்தேன். அவனுக்குச் சந்தோஷம், கை கொடுத்து என்னைக் காரில் ஏற்றினான். கோடிக்குப் போவதற்குள் கூட்டம் கூடிவிட்டது. உன் அம்மா இறங்கின இடத்தைக் காட்டி, "நீ இறங்கு. இங்கேர்ந்து இருவது அடி நட. நீ திரும்பி வந்தா நான் சொல்றேன்" என்றேன்.

அவன் சிரித்தான். ஷூ போட்டிருக்கிறேன் என்றான். கழற்றிவிடு என்றேன். பிபி மாத்திரை போடுகிறேன், டாக்டர் குளிர்ந்த தண்ணீரில் இறங்க வேண்டாம் என்றிருக்கிறார் என்றான். இடுப்பளவு தண்ணீர்தான், வெயில் காய்கிறது என்றேன். அவன் டிரைவரைப் பார்த்து, "டேய், நீ போய்ட்டு வாடா" என்றான். அந்தப் பையன் லுங்கியை மடித்துக்கொண்டு நிஜமாகவே இறங்கப் போனான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "நீ வேணாம் தம்பி. உனக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சவன் போகட்டும்" என்றேன்.

அப்போது கூட்டத்திலிருந்து கெங்கம்மாவுக்குப் பூ கட்டுகிற முனியம்மா அவனைப் பார்த்து, "மூடிட்டேன்னியே நைனா, பக்காவா மூடிட்டேன்னியே. அப்பறம் இன்னாத்துக்கு பயப்புடற?" என்று கேட்டாள். அவன் தண்ணீரைப் பார்த்தான். சரியாக அந்த இடத்தைப் பார்த்தான், ரத்தினம். கோடியில் அவ்வளவு தண்ணீர் இருக்கிறது, அவன் கண் வேறு எங்கேயும் போகவில்லை. இருபதாவது அடியில்தான் நின்றது. ஊர் அவன் கண்ணைப் பார்த்தது. வலிப்பு என்று பதினோரு வருஷம் சொன்னவன், அந்தக் கண்ணால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். காரில் ஏறிப் போய்விட்டான்.

உனக்கு அவன் போன் செய்தது அதற்கு அடுத்த நாள். கணக்குப் போட்டுப் பார். கம்பெனியில் நீ நன்றாக வேலை செய்கிறாய் என்று அவனுக்குத் திடீரென்று தோன்றவில்லை. கிழவன் சொல்ல மாட்டான், கிழவன் மகன் சொல்லட்டும் என்று யோசித்திருக்கிறான். சூப்பர்வைசர் சட்டையைப் போட்டு, உன்னை முதல் படகில் நிற்க வைத்து, மைக்கை உன் கையில் கொடுப்பான். நீர்க்கட்டி மகன் 'இறங்கலாம்' என்றால் ஊர் இறங்கும். என் நாற்காலியைத்தான் இப்போது உனக்குப் போடுகிறான்.

ஆனாலும் நான் உன்னை வராதே என்று சொல்லவில்லை. வா. திறப்பு விழாவுக்கு முந்தின சனிக்கிழமையே வந்துவிடு. அவன் கொடுக்கிற சட்டையைப் போட்டுக்கொள், மைக்கையும் வாங்கிக்கொள். இனிமேல் வருகிற நாலு வரி மட்டும் ஷெட்டில் ஒட்டுகிற தாளில் இருக்காது, உனக்கு மட்டும்தான். முதல் குழி, கோடி ஓரத்துக் கெங்கம்மா கல்லிலிருந்து மூக்கு மலை உச்சியைப் பார்த்து இருபது அடி. இரண்டாவது, அதிலிருந்து தூம்பைப் பார்த்து ஐம்பது அடி. மூன்றாவதும் நாலாவதும் இரட்டைப் பனைக்கு நேர் எதிரே, ஒன்றுக்குப் பின்னால் ஒன்று, நடுவில் ஒரு ஆள் அகல வரப்பு. அஞ்சாவது, ஈச்ச மரத்துத் திட்டுக்குக் கிழக்கே. நான் சொல்வதை நம்பாதே, மூங்கிலை எடுத்துக்கொண்டு போய்க் குத்திப் பார்த்துக்கொள். தண்ணீர் தெளிந்த நாளில் மேலேயிருந்தும் தெரியும். பாசி தானாக நின்றால் கோணல்மாணலாக நிற்கும். குழி விளிம்பில் மட்டும் கத்தியால் வெட்டினது மாதிரி நேராக நிற்கும். எந்தத் தண்ணீரில் நேர்கோடு கண்டாலும் அங்கே ஒரு மனுஷன் எதையோ செய்துவிட்டுப் போயிருக்கிறான் என்று வைத்துக்கொள்.

குழி எங்கே இருக்கிறது என்று அவன் உன்னிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும், அவனுக்கே எல்லா இடமும் ஞாபகம் இருக்காது. உடனே சொல்லிவிடாதே. 'நான் தோண்டினேன், முள்ளைப் போட்டு மூடினேன், அவளுக்கு வலிப்பு இல்லை' என்று அந்த மைக்கில் அவன் சொல்லட்டும். தமிழில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை. அதற்கு அப்புறம் காட்டு. அவன் வண்டி, அவன் ஆள், அவன் செலவில் சேற்றை அள்ளி, கல் போட்டு, ஐந்தையும் மூடட்டும். நீ கடப்பாரையால் குத்திப் பார். என்னை மாதிரிக் குதித்துப் பார்க்காதே. சொல்ல மாட்டேன் என்றானானால் மைக்கில் நீ சொல்ல வேண்டியது ஒன்றுதான்: யாரும் இறங்காதீர்கள். சட்டையைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வா, சோறு ஆக்கி வைத்திருப்பேன். என்மேல் உனக்குக் கோபம் வரும். வரட்டும். என்னை என்ன கேட்க வேண்டுமோ வந்து கேள், இந்தத் தடவை போனை வைக்க மாட்டேன்.

அவன் சொல்லிவிட்டால், ஐந்தையும் மூடிவிட்டால், பெரியவர்கள் வந்து மன்னித்துவிடு என்பார்கள். நான் மாட்டேன். படகு ஓடட்டும், பிள்ளைகள் குளிக்கட்டும், அது வேறு. தினமும் கரையில் அவன் கண்ணில் படுகிற இடத்தில் போய் உட்காருவேன். மழை வந்தால் குடை பிடித்துக்கொண்டு உட்காருவேன். அவன் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன், பிபி மாத்திரை வேறு போடுகிறான். எனக்கு ஒரு நோயும் இல்லை. அவனுக்கு முன்னால் நான் சாகிறதாக இல்லை.

உன் நைனா